நாலாம் மாடியில் சாம்பிராணி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இன்ஜினீயர்களான உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். கம்பி கட்டுவது, கான்கிரீட் போடுவது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைக் கல்லூரியில் படித்துவிட்டு, சைட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டு, மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு மறுபடி கற்றுக்கொள்வீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது.

என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் நான் பார்த்தது வேறு வேலை. ஆம்பூரில் ஒரு பில்டர் கம்பெனியில், வீடு வாங்கியவர்கள் கையில் சாவியைக் கொடுத்த பிறகு வரும் புகார்களைக் கவனிக்கும் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு மேஜையும் ஒரு டெலிபோனும். ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருவேன். ஆம்பூரில் இறங்குவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். பாத்ரூம் ஒழுகுகிறது, கதவு உரசுகிறது, மேல்வீட்டுக்காரர் துணி சொட்டுகிறது. விற்பனைப் பிரிவில் இருந்தவர்களுக்குச் சிரித்த முகங்கள் வாய்த்தன. எனக்குக் கடுகடுத்த முகங்கள்தான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. ஒரு கட்டடத்தின் உண்மையான குணம் தெரிய வேண்டுமானால் என் மேஜைக்குத்தான் வர வேண்டும்.

எங்கள் முதலாளி தோல் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சொந்தமாக ஷூ ஃபேக்டரி நடத்திக்கொண்டே அடுக்குமாடி வீடு கட்டும் தொழிலிலும் இறங்கியவர். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் மேஜையை ஓங்கித் தட்டுவார். பிறகு தட்டிய கைக்குத் தானே தைலம் தடவிக்கொள்வார். அவருடைய ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள் சிலர், அவர் கட்டிய வீட்டையே வங்கிக் கடனில் வாங்கியிருந்தார்கள். செல்வி அவர்களில் ஒருவர். தையல் பிரிவில் சூப்பர்வைசர். நாலாம் மாடியில் வீடு. கணவர் தேவராஜ் முன்பு லாரி ஓட்டியவர். நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். லிஃப்ட் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாலாம் மாடியை வாங்கினார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில் தரைத்தளத்தில் இருக்கும் மீட்டர் அறையில் தீப்பொறி பறந்து பற்றிக்கொண்டது. யாரோ அங்கே அடுக்கி வைத்திருந்த பழைய அட்டைப்பெட்டிகளுக்கும் பரவியது. பெரிய தீ இல்லை. வாட்ச்மேனும் பக்கத்து மெக்கானிக் கடைக்காரரும் மண்ணை அள்ளிப்போட்டே அடக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஐந்து மாடியிலும் புகை நிறைந்துவிட்டது. கரன்ட் போனதால் லிஃப்ட் நின்றுவிட்டது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் ஓடி இறங்கினார்கள். தேவராஜ் எங்கே இறங்குவார்? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போய், ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே நின்ற கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்துதான் அவரைத் தூக்கி வந்தார்கள். செல்வி அப்போது ஃபேக்டரியில். வேலை நேரத்தில் கையில் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் கம்பெனி சுறுசுறுப்பாக வேலை செய்தது. புது மீட்டர் போர்டு, புது ஒயர், கரி பிடித்த சுவர்களுக்குப் புதுப் பெயின்ட். தரைத்தளத்தில் பளபளவென்று சிவப்பு நிறத் தீயணைப்பான் இரண்டு தொங்கவிட்டோம். குடியிருப்பவர்கள் நன்றிகூடச் சொன்னார்கள். எல்லாம் சுபம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது செல்வி என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னா செல்வி, பெயின்ட் கலர் பிடிக்கலையா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"பெயின்ட் இருக்கட்டும் மேடம். தீ கீழ இருந்துச்சு. படிக்கட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. அப்புறம் எப்படி எங்க வாசல்ல முதல்ல புகை வந்துச்சு?"

தெரியாது என்று சொல்லிவிட்டு அவருடனேயே கிளம்பிப் போனேன். செல்வி வீட்டு வாசலை ஒட்டி ஷாஃப்ட் கதவு இருந்தது. கரன்ட் ஒயர்களெல்லாம் கீழிருந்து மொட்டை மாடிவரை நேராக ஏறிப்போகும் குறுகிய இடைவெளியைத்தான் நாம் ஷாஃப்ட் என்கிறோம். திறந்தேன். உள்ளே இரண்டு ஜோடி செருப்பு, ஒரு துடைப்பம். அவற்றை எடுத்து வைத்துவிட்டுத் தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தேன். தரைத்தள மீட்டர் அறையின் டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது.

அது தெரியவே கூடாது. ஒயர் இழுத்து முடிந்ததும் ஒவ்வொரு மாடியிலும் அந்த இடைவெளியை, தீ தாங்கும் பொருளால் ஓட்டையில்லாமல் அடைத்திருக்க வேண்டும். கதவும் தீ தாங்கும் கதவாக இருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் அடைப்பே இல்லை. கதவு வெறும் பிளைவுட்டுக்குப் பெயின்ட் அடித்தது. கீழே மூட்டினால் மேலே புகையும் சமையலறைப் புகைபோக்கி ஒன்றைக் கட்டி, அதன் வாயை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

இது எப்படி நடக்கிறது தெரியுமா? எலக்ட்ரீஷியன், "கொத்து வேலைதானே, மேஸ்திரி அடைப்பார்" என்பார். மேஸ்திரி, "ஒயர் வேலை முடிஞ்சதும் அவங்களே கூப்பிடுவாங்க" என்பார். இதற்கு நடுவில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள். கதவைச் சாத்திப் பெயின்ட் அடித்துவிட்டால் அப்புறம் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? இதில் எந்த வில்லனும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. வில்லன் ஒருத்தன் இருந்தால் அவனைப் பிடித்துத் திட்டிவிட்டுப் போகலாம்.

அலுவலகத்தில் சொன்னேன். சைட் சூப்பர்வைசர் உடனே, "நாங்க அடைச்சோம் மேடம், கேபிள் டிவி பசங்க உடைச்சிட்டாங்க" என்றார். உடைத்திருந்தால் ஒரு துண்டாவது ஒட்டிக்கொண்டிருக்குமே என்றேன். வக்கீலுக்குப் போன் போட்டார்கள். அவர் ஸ்பீக்கரில் நிதானமாகப் பேசினார்.

"யாரும் எழுத்துல புகார் குடுக்கல இல்ல? அப்ப அதைத் தொடாதீங்க. தொட்டா, நம்ம தப்புன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

முதலாளி முகவாயைத் தடவினார். "முதல்ல அங்க வெச்சிருக்கற செருப்பு, தொடப்பத்தை எல்லாம் எடுக்கச் சொல்லுங்கம்மா. மீட்டர் ரூம்ல பெட்டி அடுக்கினது அவங்கதானே? அவங்க ஒழுங்கா இருந்தா இவ்ளோ பேஜாரே இல்ல" என்றார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் பேச்சு உங்கள் அலுவலகத்திலும் வரும். அவர் சொன்னது பொய்யில்லை. அட்டைப்பெட்டி வைத்தது குடியிருப்பவர்கள்தான். ஆனால் அவர்களுடைய தப்பு ஒரு தடவை கூட்டிப் பெருக்கினால் போய்விடும். நம்முடைய தப்பு சுவருக்குள் இருக்கிறது, அவர்களால் பார்க்கவே முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் இதையெல்லாம் இவ்வளவு கோர்வையாகச் சொல்ல வரவில்லை. "சரிங்க சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

போட்டோ எடுத்துக் காட்டினேன். போட்டோவில் ஓட்டை, ஓட்டையாகத்தான் தெரிந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்துவிட்டார். மறுபடியும் காட்டியிருந்தால் மேஜையைத் தட்டியிருப்பார். படம் காட்டி ஒருவரை நகர்த்த முடியாதபோது அதே படத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் பயனில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் காதர் பாய் வருவார். கடைவீதியில் கடை கடையாகப் போய்ச் சாம்பிராணி போடுபவர். ஒரு கையில் தூபக்கால், மறு கையில் மயில்தோகை விசிறி. அவர் வந்து ஒரு விசிறு விசிறினால் வாசலில் போட்ட புகை கடைசி அறை பீரோவுக்குப் பின்னால்வரை போகும். அந்த வெள்ளிக்கிழமை அவர் விசிறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

முதலில் தேவராஜிடம் போய்க் கேட்டேன். புகையில் மாட்டிக்கொண்ட மனிதர். அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

"சாம்பிராணிதானே மேடம்? மாமூலா எல்லா வீட்லயும் போடறதுதானே? போடுங்க" என்று சிரித்தார்.

செல்வி சிரிக்கவில்லை. "எனக்கு வேலை போய்டாதே மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஃபேக்டரி முதலாளியும் அவரே, வீட்டைக் கட்டியவரும் அவரே. வீட்டுக் கடன் கட்டுவது அந்தச் சம்பளத்தில்தான். போகாது என்று நான் எப்படி உறுதி சொல்வது? "உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். கேட்டா நான்தான் செஞ்சேன்னு சொல்லுவேன்" என்றேன். அவ்வளவுதான் என்னால் கொடுக்க முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளியிடம், "அந்தத் தேவராஜை நீங்க இன்னும் போய்ப் பார்க்கலையே சார்" என்றேன். உடனே ஆப்பிள் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் அப்படிப்பட்டவர்தான். நாலாம் மாடியில் தேவராஜுக்கு எதிரே உட்கார்ந்து காலுக்கு நல்ல டாக்டர் யார் என்று பேச ஆரம்பித்தார். அன்று விடுப்பு எடுத்திருந்த செல்வி டீ கொண்டு வந்தார். வாசல் கதவு திறந்திருந்தது. கீழே மீட்டர் அறையில் காதர் பாய் கதவைச் சாத்திக்கொண்டு விசிற ஆரம்பித்திருந்தார்.

டீ ஆறவில்லை. முதலாளி மூக்கை உறிஞ்சினார். "யார் வீட்லம்மா சாம்பிராணி? நல்லா இருக்கே."

"கீழ மீட்டர் ரூம்ல சார். நம்ம காதர் பாய்."

"கீழயா?" என்று திரும்பினார். ஷாஃப்ட் கதவின் நான்கு ஓரங்களிலும் வெள்ளையாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. வாசனை வந்தாலே போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். காதர் பாய் நமக்காக ஸ்பெஷலாக ஒரு பிடி சாம்பிராணி கூடப் போட்டுவிட்டார். புகை வாசல் தாண்டிக் கூடத்துக்குள் வந்தது.

முதலாளி புகையைப் பார்த்ததைவிட அதிக நேரம் தேவராஜைப் பார்த்தார். தேவராஜ் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருடைய இரண்டு கைகளும் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால்கனிப் பக்கம் பின்னால் உருட்டிக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரியவில்லை. செல்வி ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கீழே போன் போட்டு நிறுத்தச் சொன்னேன்.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டுத்தானே செய்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், பயந்த மனிதரை இன்னொரு முறை பயமுறுத்தித்தான் ஓர் ஓட்டையை நிரூபிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படி ஒரு நிலைமை வந்தால், அவரை வெளியே அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

புகை அடங்கியது. பிறகு செல்விதான் பேசினார். என் பேச்சை நம்பிச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"சார், நம்ம ஃபேக்டரில எங்க செக்‌ஷனுக்கு நான்தான் தீ வார்டன். எமர்ஜென்சி வழில ஒரு ஷூ பாக்ஸ் இருந்தாக்கூட எடுக்க வெக்கறேன். ஷூ வாங்கற வெளிநாட்டு பையர் வந்து பாத்து, வழி அடைச்சிருந்தா ஆர்டர் போய்டும்னு நீங்கதான் எங்களுக்கு மீட்டிங் போட்டு சொன்னீங்க. அங்க என் உசுருக்குக் கேள்வி கேக்க ஒருத்தன் கப்பலேறி வர்றான். இங்க யாரு சார் கேப்பா?"

மேஜை எதுவும் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் முதலாளி கையை ஓங்கவில்லை. ஷாஃப்டிடம் போய்க் கதவைத் திறந்து, நான் பார்த்த மாதிரியே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து வக்கீலுக்குத் தன் போனிலேயே பேசினார். "ஒத்துக்கிட்ட மாதிரி ஆவட்டும் சார். ஒத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். பிறகு செல்வியிடம், "எல்லா மாடியும் அடைச்சி, கதவும் மாத்தித் தர்றேம்மா. அது என் வேலை. நீ திங்கக்கிழமை வழக்கம்போல ட்யூட்டிக்கு வா" என்றார். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நாங்கள் கிளம்பும்போது தேவராஜ் கேட்டார்.

"சார், இதே மாதிரி வேற எங்கனா கட்டியிருக்கீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பேரணாம்பட்டில் ஒன்று இருந்தது. அதே வரைபடம், அதே எலக்ட்ரீஷியன், அதே மேஸ்திரி. இதைவிட முன்னால் கட்டியது.

காரில் கொஞ்ச தூரம் வந்ததும், "அது சாவி குடுத்து அஞ்சு வருஷம் தாண்டிடுச்சே?" என்றார். சாவி கொடுத்து ஐந்து வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம்.

"ஆமா சார். தாண்டிடுச்சி."

"அங்கேர்ந்து யாரும் புகாரும் குடுக்கல."

"இல்ல சார்."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். "இன்னாம்மா, வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்று எரிந்து விழுந்தார்.

"கேட்டதுக்கு பதில் சொன்னேன் சார். நீங்க சட்டம்தானே கேட்டீங்க?"

அந்த இடத்தில் இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அவர் என்னுடன் சண்டை போட ஆரம்பித்திருப்பார். சண்டையில் தேவராஜின் கேள்வி காணாமல் போயிருக்கும். எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதும் நம் வேலையில் ஒரு பாகம். எனக்கு அது சுலபத்தில் வருவதில்லை என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

அலுவலகம் வந்துவிட்டது. அவர் இறங்கவில்லை. டிரைவரிடம், "பேரணாம்பட்டு ரோட்டுக்குத் திருப்புப்பா" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகியிருந்தது. தரைத்தள மீட்டர் அறையைத் திறந்து அண்ணாந்து பார்த்தோம். இங்கேயும் ஒரு மாடியிலும் அடைப்பு இல்லை. கதவை மூடிவிட்டோம். முதலாளி முட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் மாடி ஏறி, எதிரில் இருந்த வீட்டின் மணியை அடித்தார். அவர் விற்ற வீட்டின் மணியை அவரே அடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் மாவோடு ஒரு இளம்பெண் கதவைத் திறந்தார். பின்னால் இரண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தாம்மா இந்தக் கட்டடத்தைக் கட்டினவன். இதுல நாங்க ஒரு தப்பு பண்ணியிருக்கோம். கீழ தீப்பிடிச்சா புகை நேரா உங்க வாசலுக்கு வரும். ஆம்பூர்ல அப்படி வந்துடுச்சி. சரி பண்ணித் தர்றதுக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்லணும்னு வந்தேன்" என்றார். ஒரு வார்த்தையைக்கூட மென்று விழுங்கவில்லை.

அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே போனார். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகளை எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"நீங்க சரி பண்றது இருக்கட்டும் சார். இன்னைக்கு ராத்திரி என் பசங்க இங்க தூங்கலாமா, வேணாமா? அதைச் சொல்லுங்க."

இத்தனை வருட வேலையில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. முதலாளி என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"தூங்கலாம்மா. வேலை முடியற வரைக்கும் ராத்திரி பகல் கீழ மீட்டர் ரூம் வாசல்ல நம்ம ஆள் ஒருத்தர் முழிச்சிட்டு இருப்பார். பொறி பறந்தாலே எல்லாரையும் எழுப்பிடுவார்."

"யாரு அந்த ஆளு? எங்க இருக்காரு?"

ஆள் யாரும் இல்லை. அந்த நிமிடம்தான் அந்த ஆள் பிறந்திருந்தார். முதலாளி போனை எடுத்து ஃபேக்டரி செக்யூரிட்டியில் ஒருவரை உடனே பஸ் ஏறி வரச் சொன்னார். பிறகு படியிறங்கிப் போனார். கார் பக்கம் போகவில்லை. மீட்டர் அறை வாசலில் நின்றுகொண்டு மேலே பார்த்து, "அவர் வர்ற வரைக்கும் நான் உக்கார்றேன். ஒரு சேர் குடும்மா" என்றார்.

நான் வீட்டுக்குப் போன் போட்டு ரயிலை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு கொண்டு வந்து போட்டார். முதலாளி உட்காரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேலே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.